கோரல்டிராவில் ஒரு பெயருக்குப் போட்ட நிறமும் நிழலும் மற்றப் பெயர்களுக்கும் அப்படியே வர என்ன செய்வது?

கேட்டிருப்பது இதுதான்: கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் செய்யும் கல்யாணப் பத்திரிகையில் மணமகன் பெயருக்குத் தங்க நிற கிரேடியன்ட் (ஒரு நிறம் இன்னொன்றாக மெல்ல மாறும் பூச்சு), வெள்ளை அவுட்லைன் (ஓரக்கோடு), நிழல் எல்லாம் போட்டாயிற்று. மணமகள் பெயருக்கும் மண்டபத்தின் பெயருக்கும் அதையே கொண்டுவர நினைத்தால் நிறம் மட்டும் வருகிறது, நிழல் வரவில்லை. ஏன்?

பத்திரிகையும் ஃப்ளெக்ஸும் வடிவமைப்பதுதான் என் தொழில். இந்தச் சிக்கலில் மாட்டாத ஆளை டிசைன் கடைகளில் பார்ப்பது கஷ்டம். ஃபில்லும் (உள்ளே நிரப்பும் நிறம்) அவுட்லைனும் அந்த எழுத்தின் சொந்தக் குணங்கள். நிழலும், கான்டூர், எக்ஸ்ட்ரூட், பிளெண்ட் போன்ற மற்ற எஃபெக்டுகளும் அப்படியில்லை. எழுத்தோடு இணைத்து கோரல் கூடுதலாக வரைந்து வைத்திருக்கும் பகுதிகள் அவை. சந்தேகம் இருந்தால் நிழலைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் கே அடித்துப் பாருங்கள், அது தனி பிட்மேப்பாக (புள்ளிகளால் ஆன படமாக) கழன்று வரும். அதனால்தான் நிறத்தைக் கொண்டுபோகும் வழி நிழலைக் கொண்டுபோவதில்லை.

நிறம் மட்டும் போதும் என்றால், மெனு பக்கமே போக வேண்டாம். மணமகன் பெயரை மவுஸின் வலது பட்டனால் பிடித்து இழுத்து, மணமகள் பெயரின் மேல் விடுங்கள். ஒரு சின்ன மெனு வரும். அதில் ‘காப்பி ஃபில் ஹியர்’ கொடுத்தால் ஃபில் மட்டும், ‘காப்பி அவுட்லைன் ஹியர்’ கொடுத்தால் அவுட்லைன் மட்டும், ‘காப்பி ஆல் ப்ராப்பர்ட்டீஸ்’ கொடுத்தால் இரண்டும் சேர்ந்து வரும். எழுத்தின் இடைவெளியில் விட்டால் பிடிக்காது, நிறம் இருக்கும் இடத்தின் மேலேயே விட வேண்டும்.

நிழலும் சேர்ந்து வர வேண்டும் என்றால் ஒன்றின் குணங்களை எடுத்து இன்னொன்றில் வைக்கும் அட்ரிபியூட்ஸ் ஐட்ராப்பர் டூலை எடுங்கள். மேலே ப்ராப்பர்ட்டி பாரில் ப்ராப்பர்ட்டீஸ், டிரான்ஸ்ஃபர்மேஷன்ஸ், எஃபெக்ட்ஸ் என்று மூன்று பட்டியல்கள் இருக்கும். எஃபெக்ட்ஸ் பட்டியலில் டிராப் ஷேடோவுக்கு டிக் போட்டு ஓகே கொடுத்துவிட்டு, மணமகன் பெயரில் ஒரு கிளிக், அப்புறம் வேண்டிய பெயர்களில் எல்லாம் ஒவ்வொரு கிளிக். அவ்வளவுதான். நடுவில் வேறொரு எழுத்திலிருந்து எடுக்க வேண்டியிருந்தால் ஷிஃப்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், எடுக்கும் நிலைக்குத் திரும்பிவிடும்.

தமிழில் வேலை செய்கிறவர்கள் இங்கே கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ப்ராப்பர்ட்டீஸ் பட்டியலில் டெக்ஸ்ட் என்பதற்கும் டிக் இருக்கும். அதை விட்டுவைத்தால் நிறத்தோடு எழுத்துருவும் அளவும் சேர்ந்து போகும். ஒரு பெயர் பாமினியிலும் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு) இன்னொன்று யூனிகோடிலும் அடித்திருந்தால், பாமினி எழுத்துகள் ஆங்கில எழுத்துகளாக மாறிப் போகும். வாடிக்கையாளர் தந்த பழைய ஃபைலில் இரண்டும் கலந்து கிடப்பது வழக்கம்தான். டெக்ஸ்ட் டிக்கை எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

அடுத்த குழப்பம் கிரேடியன்ட் ஓடும் விதம். கோரல் அதை ஒவ்வொரு ஆப்ஜெக்டின் நீள அகலத்துக்கு ஏற்ப நீட்டியோ சுருக்கியோ வைக்கும். ‘கவிதா’ என்ற பெயரில் பளிச்சென்று இருந்த நடு வெளிச்சம் ‘மீனாட்சிசுந்தரம்’ என்ற பெயரில் இழுபட்டுத் தெரிவது இதனால்தான். காப்பி செய்தபின் ஜி அழுத்தி இன்டராக்டிவ் ஃபில் டூலை எடுத்து, முனைகளை நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம். குரூப் என்றால் இன்னொரு விதம்: கிரேடியன்ட் முழுக் குரூப்புக்கும் ஒன்றாக ஓடாது, உள்ளே இருக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக விழும். ஒரு கோலத்தின் இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை ஒரே ஓட்டமாக வேண்டும் என்றால், குரூப்பைக் கலைத்து, கன்ட்ரோல் எல் அடித்து கம்பைன் செய்துவிட்டு ஃபில் கொடுங்கள். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் கம்பைன் அங்கே ஓட்டை விழ வைக்கும். அப்போது எல்லாவற்றையும் ஒரே வடிவமாக ஒட்டிவிடும் வெல்டுதான் சரி.

ஆனால் பத்திரிகை வேலையில் காப்பி செய்வதை விட ஸ்டைல் (சேமித்து வைத்த நிறம், அவுட்லைன் தொகுப்பு) வைப்பதே மேல் என்பது என் உறுதியான எண்ணம். ப்ரூஃப் பார்த்துவிட்டு மாமா ஒருவர் ‘தங்கம் கொஞ்சம் சிவப்பா இருக்கே’ என்பார். இருபது இடத்தில் திரும்பக் காப்பி செய்வதற்குப் பதில், முதலிலேயே அந்தப் பெயரில் வலது கிளிக் செய்து, ஆப்ஜெக்ட் ஸ்டைல்ஸ் வழியாகப் புது ஸ்டைல் செட் உண்டாக்கி, எல்லாவற்றுக்கும் அதையே கொடுத்துவிடுங்கள். கன்ட்ரோல் எஃப்5 அழுத்தினால் ஸ்டைல் டாக்கர் (அதற்கான பலகை) வரும். அங்கே ஒரு இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும். நிழல் மட்டும் ஸ்டைல் செட்டுக்குள் அடங்காது, மேலே சொன்ன அதே காரணம். நிழலுக்கு குளோன் எஃபெக்ட் இருக்கிறது. பழைய பதிப்புகளில் எஃபெக்ட்ஸ் மெனுவிலேயே அதைப் பார்க்கலாம். குளோன் செய்த நிழல் மூல நிழலைப் பார்த்தே நடக்கும், மூலத்தில் மங்கலைக் கூட்டினால் இதிலும் கூடும். காப்பி எஃபெக்டில் அந்தத் தொடர்பு கிடையாது.

கலர் ஐட்ராப்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும். போட்டோவிலிருந்து நிறம் எடுக்கும்போது அந்தப் போட்டோ ஆர்ஜிபியில் (திரைக்கான சிவப்பு, பச்சை, நீலக் கலவை) இருந்தால் ஆர்ஜிபி நிறம்தான் கிடைக்கும். அதில் எடுத்த கறுப்பைச் சின்ன எழுத்துகளுக்குக் கொடுத்து ஆஃப்செட் அச்சுக்கு அனுப்பினால், சிஎம்ஒய்கே (அச்சின் நான்கு மைகள்) ஆக மாறும்போது நான்கு மைகளின் பிளேட்டிலும் ஏறிவிடும். ரிஜிஸ்டர் (பிளேட்டுகள் ஒன்றோடொன்று பொருந்துவது) ஒரு இழை விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் கலர் தெரியும். சின்ன எழுத்துக்குக் கறுப்பு கே (கறுப்பு மை) 100 மட்டும், மற்ற மூன்றும் 0. அதை ஷிஃப்ட் எஃப்11 திறந்து கையால் அடித்துவிடுவதே பாதுகாப்பு.

ஃப்ளெக்ஸ் என்றால் நிழலின் ரெசல்யூஷனைப் பாருங்கள். 10க்கு 8 அடி பேனரை அசல் அளவிலேயே வைத்து, முழு அகலத்துக்கும் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) நிழல் போட்டால், 36,000க்கு 28,800 பிக்சல், அதாவது நூறு கோடிக்கு மேல். 72 டிபிஐயில் அது சுமார் 6 கோடிதான், தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு வித்தியாசமும் தெரியாது. நிழலைப் பல இடங்களுக்குக் காப்பி செய்ததும் ஃபைல் நகராமல் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். டாக்குமென்ட் ஆப்ஷன்களில் எஃபெக்ட்ஸ் ரெசல்யூஷனைக் குறைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இங்க்ஸ்கேப் என்ற இன்னொரு வடிவமைப்பு மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு இந்த வம்பே இல்லை. ஒன்றைக் காப்பி செய்து, மற்றதைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் ஷிஃப்ட் வி அடித்தால் ஃபில், ஸ்ட்ரோக், மங்கல் எல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். அது பயன்படுத்தும் எஸ்விஜி ஃபைல் வகையில் மங்கல் போன்ற ஃபில்டரும் ஸ்டைலின் ஒரு பகுதிதான். அடோபி இல்லஸ்ட்ரேட்டரில் எஃபெக்டும் வர வேண்டும் என்றால் ஐட்ராப்பரை டபுள் கிளிக் செய்து அப்பியரன்ஸுக்கு டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, பத்திரிகையில் அந்தப் பெயர்களுக்கு நிஜத் தங்க ஃபாயில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் இந்த கிரேடியன்டும் நிழலும் எதுவுமே வேண்டாம். பெயர்களைத் தனிப் பக்கத்துக்கு எடுத்து, கர்வ் ஆக்கி (எழுத்தை வெறும் வடிவமாக மாற்றி), கே 100 கறுப்பாக மட்டும் கொடுங்கள். ஃபாயிலை அழுத்தும் டை (அச்சு) செய்கிறவருக்கு வேண்டியது அந்த வடிவம் மட்டும்தான்.