வாசகர் கேள்வி – பதில்: தண்ணீர் சுமந்த திம்மக்கா

கேள்வி: எங்கள் புளோக்கின் கீழே சமூகத் தோட்டம் ஆரம்பித்தபோது பன்னிரண்டு பேர் இருந்தோம். இப்போது நானும் ஒரு மாக்சிக்கும்தான் (மலாய்க்கார அம்மா) மிச்சம். வெண்டையும் கீரையும் வாடுவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. முழங்கால் வலியோடு தினமும் இறங்கவும் முடியவில்லை. "பேசாமல் விட்டுவிடு" என்கிறார் வீட்டுக்காரர். இதற்கிடையில், கர்நாடகத்தில் ஒரு பாட்டி தன்னந்தனியாக நூற்றுக்கணக்கில் ஆலமரம் வளர்த்தார் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? எனக்கு வயது 63. தொடரட்டுமா, விடட்டுமா?
– வாசகி, ஈசூன்

பதில்: உண்மைதான் அம்மா. தன்னந்தனியாக என்பது மட்டும் சரியில்லை. அவர்களும் உங்களைப் போல இரண்டு பேர்.

பெங்களூரு பக்கம் மாகடி வட்டத்தில் ஹுலிகல் என்று ஓர் ஊர். திம்மக்கா அங்கே கல் குவாரியில் கூலி வேலை பார்த்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. அவருக்கும் கணவர் சிக்கய்யாவுக்கும் பிள்ளை இல்லை. அதற்காக ஊர்வாய்க்கு இரையானவர்கள். ஊரைச் சுற்றி ஆலமரம் நிறைய உண்டு. அவற்றிலிருந்தே கன்று எடுத்து, ஹுலிகல்லுக்கும் குதூருக்கும் இடையே சாலையோரம் வைக்க ஆரம்பித்தார்கள். முதல் வருடம் 10. அடுத்த வருடம் 15. மூன்றாம் வருடம் 20. நாலு குடம் தண்ணீரை நாலு கிலோமீட்டர் தூரம் சுமந்துபோய் ஊற்றினார்கள். ஆடு மாடு கடிக்காமல் இருக்க முள் வெட்டி வந்து அடைத்தார்கள். இப்படி வளர்ந்தவை 385 மரங்கள். சாலுமரத திம்மக்கா என்ற பெயர் அப்படி வந்ததுதான். கன்னடத்தில் சாலு என்றால் வரிசை. நாம் உழவுச்சால் என்கிறோமே, அந்தச் சொல்லுக்கு உறவு.

சிக்கய்யா 1991இல் இறந்துவிட்டார். அதற்குப் பிறகும் திம்மக்கா மரங்களை விடவில்லை. 2019இல் சாலையை அகலப்படுத்த மரங்களை வெட்டும் நிலை வந்தபோது, நூறு வயதைத் தாண்டிய அந்த அம்மா அன்றைய முதலமைச்சர் குமாரசாமியிடமே முறையிட்டார். வேறு வழி பார்க்கிறோம் என்று அரசு இறங்கி வந்தது. அதே ஆண்டு பத்மஸ்ரீ வாங்க மேடையேறியவர், குடியரசுத் தலைவரின் தலையைத் தொட்டு ஆசி கொடுத்தார். ஒரு பேரனுக்குச் செய்வதுபோல அவ்வளவு இயல்பாக! அந்தப் படத்தை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று தெரியாது.

எனக்குத் திம்மக்கா என்றாலே அந்தக் குடங்கள்தான் நினைவுக்கு வரும். காரணம் என் அப்பா. சிங்கப்பூரில் மரம் நடும் இயக்கம் 1963இல் தொடங்கியது. 1971 முதல் மரம் நடும் நாள் என்றே ஒரு நாளும் வந்தது. அப்பா எழுபதுகளில் சாலையோரக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் பஸ்ஸில் போகும்போது, ஜன்னல் வழியே ஒரு தூங்குமூஞ்சி மரத்தைக் காட்டி, "இது என் கையால தண்ணி குடிச்சது" என்பார். அம்மா எங்கள் பக்கம் திரும்பி, "கேட்டுக்கோங்க" என்பார். எனக்கு அப்போது அது புரியவில்லை. இப்போது அந்த வழியாகப் போகும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்க்கிறேன்.

சரி, உங்கள் தோட்டத்துக்கு வருகிறேன். விட வேண்டாம், குறையுங்கள். பன்னிரண்டு பேர் பார்த்த பாத்திகளை இரண்டு பேர் பார்க்க நினைத்தால் முழங்கால் மட்டுமல்ல, மனசும் தேய்ந்துவிடும். ஆலங்கன்று வேர் பிடித்துவிட்டால் தன்பாட்டுக்கு வளரும். அதனால்தான் அவர்களால் வருடா வருடம் கூட்டிக்கொண்டே போக முடிந்தது. வெண்டையும் கீரையும் அப்படியில்லை, தினமும் ஆள் கேட்கும். ஒரே ஒரு பாத்தியில் கீரை போடுங்கள். மற்ற இடத்தில் கறிவேப்பிலை, செராய் (எலுமிச்சைப்புல்), லெங்குவாஸ் (பேரரத்தை), பாண்டான் (ரம்பை) வையுங்கள். வேர் பிடித்தபின் இரண்டு நாள் போகாவிட்டாலும் கோபித்துக்கொள்ளாது. திம்மக்கா பெரும்பாலும் மழைக்காலத்தில்தான் கன்று வைப்பார். நீங்களும் புதிதாக வைப்பதை நவம்பர், டிசம்பர் மழைக்கு விட்டுவிடுங்கள். மாக்சிக்கோடு நாள் பிரித்துக்கொள்ளுங்கள்: அவருக்கு மூன்று நாள், உங்களுக்கு மூன்று நாள். தொட்டித் தட்டில் மட்டும் தண்ணீர் தேங்க விடாதீர்கள், கொசு வந்துவிடும்.

அப்புறம், கறிவேப்பிலை தழைத்ததும் ஒரு கொத்தை மின்தூக்கியில் ஏறும் அண்டை வீட்டாரிடம் கொடுத்துப் பாருங்கள். மூன்றாவது ஆள் அப்படித்தான் கிடைப்பார்.

கேள்வி: பள்ளியில் திம்மக்காவைப் பற்றிப் பேசப்போகிறேன். மரம் வளர்த்ததைத் தவிர வேறு எதற்காவது பாடுபட்டாரா?
– மாணவி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: ஆமாம் கண்ணு. ஊரில் மழைநீர்த் தொட்டி கட்டுவதில் பங்கெடுத்தார். கணவரின் நினைவாக ஊருக்கு ஒரு மருத்துவமனை கட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்காக ஓர் அறக்கட்டளையும் உண்டு. 2025 நவம்பரில் காலமானார், வயது 114. பேச்சை 385இல் ஆரம்பிக்காதே, அந்த முதல் பத்துக் கன்றில் ஆரம்பி.