காணாமல் போனவர் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆறு மாதமாக ஒரு மனித உரிமை அமைப்பில் தன்னார்வலராக இருக்கிறேன். கூட்டங்களில் அட்வகசி, இம்ப்யூனிட்டி என்று ஆங்கிலத்தில் பேசும்போது எனக்கு வாயே எழுவதில்லை. இருநூறு சொற்களை மனப்பாடம் செய்கிறேன். பட்டியலை இணைத்திருக்கிறேன். இது போதுமா? விக்டிம், சர்வைவர் இரண்டில் எதைச் சொல்வது?

எஸ்

அன்புள்ள எஸ்,

விக்டிமா (பாதிக்கப்பட்டவர்) சர்வைவரா (மீண்டு வாழ்பவர்) என்பதை உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பவரிடமே கேளுங்கள். அட்வகசி என்றால் உரிமைக்காகப் பரிந்து பேசுவது. இம்ப்யூனிட்டி என்றால் குற்றம் செய்தவன் தண்டனையே இல்லாமல் நடமாடுவது. ஒரு மாலையில் படித்துவிடலாம், இதற்கா இவ்வளவு கூச்சம்?

ஆனால் பட்டியலில் மிஸ்ஸிங், அரசின் ஆட்கள் ஒருவரைப் பிடித்துக்கொண்டுபோய் மறைப்பதைக் குறிக்கும் என்ஃபோர்ஸ்டு டிஸப்பியரன்ஸ் இரண்டுக்கும் 'காணாமல் போதல்' என்றே எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்ததும் கோபம் வந்தது. நானும் செய்த தவறு அது.

பல வருடங்களுக்கு முன் ஒரு தாயின் வாக்குமூலத்தை எழுதினேன். மகனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதைச் சொன்னார். நான் 'இவரது மகன் காணாமல் போனார்' என்று தொடங்கியிருந்தேன். படித்துக் காட்டியதும், மடியில் இருந்த புகைப்படத்தை என் பக்கம் திருப்பினார். லேமினேட் செய்த படம். ஒரு மூலை பிரிந்து, உள்ளே ஈரம் இறங்கியிருந்தது. "இவன் எங்கயும் போகல தம்பி. சாப்பிட்டுட்டு இருந்தவனைக் கொண்டுபோனாங்க. போனான்னு எழுதாதீங்க" என்றார்.

'போனார்' தன்வினை. போனவர் அவரே என்றாகிவிடுகிறது. வெள்ளத்தில் தொலைந்தவரை அப்படிச் சொல்லலாம். 'காணாமல் ஆக்கப்பட்டார்' என்று எழுதிப் பாருங்கள், 'யாரால்?' என்ற கேள்வி தானாக வந்து நிற்கும். ஆங்கிலத்துக்கும் இந்தச் சிக்கல் இருந்தது. லத்தீன் அமெரிக்காவில் 1970களில் ராணுவ ஆட்சிகள் ஆட்களைத் தூக்கிக்கொண்டு போனபோது, அங்கே ஸ்பானிஷில் புழங்கிய சொல்லைப் பின்பற்றி 'வாஸ் டிஸப்பியர்டு', அதாவது 'காணாமல் ஆக்கப்பட்டார்' என்று எழுதினார்கள். இலக்கணப்படி உறுத்தும். உறுத்தட்டும் என்றுதான் விட்டுவைத்திருக்கிறார்கள்.

என்ஃபோர்ஸ்டு டிஸப்பியரன்ஸ் பற்றி ஐ.நா. பொதுச்சபை 2006 டிசம்பர் 20 அன்று ஏற்ற உடன்படிக்கையின் வரையறையைப் பாருங்கள். அரசின் ஆட்களோ, அரசின் அனுமதியோடோ ஆதரவோடோ செயல்படுபவர்களோ ஒருவரைப் பிடித்துச் செல்வது அதில் பாதிதான். பிடித்து வைத்திருப்பதை ஒப்புக்கொள்ள மறுப்பதோ, அவருக்கு என்ன ஆனது என்பதை மறைப்பதோ மீதிப் பாதி. 'காணாமல் போனார்' என்று நாம் எழுதும்போது, அந்த மறைப்புக்கு நாமும் கை கொடுக்கிறோம். தமிழில் நல்ல சொல் புழக்கத்தில் இருக்கிறது: வலிந்து காணாமல் ஆக்கப்படுதல். நீளமாக இருக்கிறதே என்று 'வலிந்து'வை வெட்டிவிடாதீர்கள்.

சரி, பட்டியலில் அந்த ஒரு வரியைத் திருத்தி எனக்கு அனுப்புங்கள். அப்புறம், வாக்குமூலம் எதையும் சொன்னவருக்கு அவர் மொழியில் படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்காதீர்கள்.