சுவருக்குள் அமைத்த மீன் தொட்டி அலுமாரியில் ஈரம்: கேள்வி பதில்

தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் பகுதியில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். இப்போது ஹட்டன் பக்கம் வீடுகளுக்கு மீன் தொட்டி அலுமாரி செய்து கொடுக்கிறேன். மூடிய அலுமாரியின் ஈரம், காற்றோட்டம் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

நுவரெலியாவிலிருந்து ஓர் அக்கா: வெளிச்சுவரை ஒட்டிக் கட்டிய அலுமாரி. தொட்டி 26 பாகையில் ஓடுகிறது. கதவைத் திறந்தால் உள்ளே எல்லாம் தண்ணீர் முத்து. பின் பலகை உப்பிப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. ஃபேன் போட்டால் சரியாகுமா?

அக்கா, ஃபேன் மூன்றாவது வேலை. முதலில் தொட்டியின் வாயை மூடுங்கள். கண்ணாடி மூடி போட்டு, மூலையில் இரண்டு விரல் இடைவெளி விட்டால் மீனுக்குக் காற்று போதும். மூடி இல்லாத தொட்டியில் எவ்வளவு தண்ணீர் குறைகிறது என்று பேனாவால் கோடு போட்டுப் பாருங்கள். ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகப் போனால் அது ஏறக்குறைய 0.68 கரண்ட் யூனிட் அளவு சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். தினம் இரண்டு லீற்றர் குறைகிறது என்றால், மாதத்துக்கு 40 யூனிட் அளவு சூட்டை ஹீட்டர் ஈடுகட்ட வேண்டும். கரண்ட் பில்லும் ஈரமும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

இரண்டாவது, சுவர். ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி விழுகிற ஊர் உங்களுடையது. அலுமாரிக்குள் 24 பாகையில் 80 வீத ஈரத்தோடு நிற்கும் காற்று, 20 பாகைக்குக் கீழே இருக்கிற எதைத் தொட்டாலும் தண்ணீராகிவிடும். உங்கள் சுவர் அதைவிட எவ்வளவோ குளிர்ந்தது. ஒரு அங்குல ரிஜிஃபோமை (வெள்ளை நுரைப் பலகை) சுவரில் ஒட்டி, ஓரம் முழுக்க சிலிக்கன் வைத்து அடையுங்கள். ஓரம் திறந்திருந்தால் ஈரம் பின்னால் நுழைந்து, கண்ணுக்குத் தெரியாமல் அங்கே பூஞ்சணம் வளரும். ரிஜிஃபோமுக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு அங்குலம் விடுங்கள்.

அப்புறம்தான் ஃபேன். கதவின் அடியில், தரையை ஒட்டிக் காற்று நுழைய வழி. மேலே எதிர்மூலையில் 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன், காற்றை வெளியே தள்ளும்படி. கீழ் வழி ஃபேனின் வாயைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது. கம்பி வலை அடிப்பதாக இருந்தால் ஒன்றரை மடங்கு வையுங்கள். தள்ளும் காற்று குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே போக வேண்டும். சீலிங்குக்குள் விடவே வேண்டாம்.

கொட்டகலை தம்பி: ஃபேன் உள்ளே ஊதணுமா, வெளியே இழுக்கணுமா அண்ணே?

வெளியே. உள்ளே ஊதினால் அலுமாரியில் அழுத்தம் கூடி, ஈரக் காற்று ஒவ்வொரு இடுக்கிலும் புகுந்து பலகை மூட்டுகளுக்குள்ளும் சுவருக்குள்ளும் போகும். வெளியே இழுத்தால் எல்லா இடுக்கும் காற்று நுழையும் வழியாகிவிடும். இழுக்கும் ஃபேன் ஈரத்திலேயே நிற்பதால் சீக்கிரம் துரு ஏறும். அதை மாற்றிக்கொள்ளலாம், மூட்டு ஊறிப்போன அலுமாரியை மாற்ற முடியாது.

பண்டாரவளையிலிருந்து ஓர் ஐயா: நீங்கள் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மூடுபனி நாளில் வெளிக்காற்றே முழு ஈரம். அதை உள்ளே இழுத்தால் ஈரம் கூடத்தானே செய்யும்?

ஐயா, இதைக் கேட்டதற்கு நன்றி. இது பலருக்கும் உள்ள சந்தேகம். 16 பாகைப் பனிக்காற்றில் ஒரு கனமீற்றருக்கு ஏறக்குறைய 13.6 கிராம் நீராவிதான் இருக்கும். அதற்கு மேல் அதனால் தாங்க முடியாது, அதனால்தான் 100 வீதம் என்கிறோம். அதே காற்று அலுமாரிக்குள் வந்து 24 பாகைக்குச் சூடானால் 21.8 கிராம் வரை தாங்கும். அப்போது அதன் ஈரம் 60 வீதத்தை ஒட்டி நிற்கும். பனியில் மிதக்கும் துளிகளைச் சேர்த்தாலும் ஒரு கிராம்கூட வராது.

அதே ஐயா: அப்படியானால் பனி நாளில் கொடியில் துணி ஏன் காய்வதில்லை?

துணியும் பனியும் ஒரே குளிரில் இருப்பதால். அதே துணியை அடுப்பங்கரையில் கட்டிப் பாருங்கள், காயும். காற்று சூடாக வேண்டும், அவ்வளவுதான். மழைக்காலத்தில் கொழுந்து வாட்டும்போது வெளிக்காற்றை அப்படியே ஊதினால் இலை வாடாது. அடுப்பிலிருந்து வரும் சூடான காற்றைக் கலந்துதான் ஊதுவோம். சாதாரண வெப்பமானிக்கும் (உலர் குமிழ்) ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கும் (ஈரக் குமிழ்) நடுவே எத்தனை பாகை இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கலப்போம். உங்கள் அலுமாரியில் அந்த அடுப்பு வேலையைத் தொட்டியே செய்கிறது.

தலவாக்கலையிலிருந்து ஒருவர்: நானும் ஃபேக்டரியில் இருந்தவன். அண்ணன் சொல்வது சரி. ஆனால் ஊதும் காற்று கூடிவிட்டால் கலந்த சூடு பத்தாது.

சரியான இடத்தைத் தொட்டீர்கள். பண்டாரவளை ஐயாவின் பயத்திலும் நியாயம் உண்டு. ஃபேனை வேகமாக ஓட்டினால் அலுமாரி குளிர்ந்து, ஈர வீதம் திரும்ப ஏறும். கணக்கு இதுதான்: தினம் ஒரு லீற்றர் ஆவியானால் மணிக்கு 42 கிராம். ஒவ்வொரு கனமீற்றர் காற்றும் மூன்று கிராம் தூக்கிப்போனால் மணிக்கு 14 கனமீற்றர் போதும். ஒரு கம்ப்யூட்டர் ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே அது கிடைத்துவிடும்.

கண்டி தங்கை: எனக்கு ஃபேன் போட்டும் ஈரம் 75 வீதத்துக்குக் கீழே இறங்கவில்லை.

கண்டி ஏறக்குறைய 500 மீற்றர் உயரம்தான் தங்கச்சி. உங்கள் வெளிக்காற்று 25 பாகை, தொட்டி 27 என்றால் சூடாக்க இரண்டு பாகைதான் இடம் இருக்கிறது. மேலே சொன்ன கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. மூன்று மடங்கு காற்று வேண்டும், மூடி கட்டாயம் வேண்டும்.

பதுளை அண்ணன்: சிலிக்கா ஜெல் பை போட்டால்?

லீற்றர் கணக்கில் வரும் ஈரத்துக்குப் பை போதாது.

லிந்துலை தம்பி: மீன் உடம்பில் வெள்ளைப் புள்ளி வந்திருக்கிறது.

மீன் வைத்தியம் என் துறை இல்லை. வாங்கிய கடைக்காரரிடம் இன்றைக்கே கேளுங்கள்.

நானுஓயாவிலிருந்து ஒருவர்: வெளிச்சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார். சீலிங்குக்குள் விட்டுவிடலாமா?

விடக்கூடாது. மேலேயே சொன்னேன். தகரக் கூரை இரவில் குளிர்ந்து, அந்த ஈரம் முழுக்க அதில் தண்ணீராகிப் பலகையில் சொட்டும். தொழில் தொடங்கிய புதிதில் ஒரு வீட்டில் நானே அப்படிச் செய்து கொடுத்தேன். இரண்டு மழைக்காலத்தில் சீலிங் பலகை ஊறித் தொங்கிவிட்டது. என் கைக்காசில் மாற்றிக் கொடுத்தேன். ஜன்னல் கண்ணாடி ஒன்றைக் கழற்றி, அதன் இடத்தில் பலகை வைத்துக் குழாயை வெளியே விடுங்கள்.

வட்டவளை தங்கை: ஃபேன் காற்றை உள்ளே ஊதினால் நல்லதா?

மேலே கொட்டகலை தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள். இனி இதே கேள்விக்குப் பதில் எழுதமாட்டேன்.

ஹாலிஎல தம்பி: பிளக் போர்டு அலுமாரிக்குள் கீழே இருக்கிறது. பரவாயில்லையா?

இன்றைக்கே வெளியே எடுங்கள். முடியாவிட்டால் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, பக்கச் சுவரில் வையுங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலே ஏற வேண்டும், அப்போது வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ட்ரிப் சுவிட்சின் (கரண்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்ச்) சோதனைப் பொத்தானை அழுத்தி, விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் மின்வேலைக்காரர் வரும்வரை தொட்டிக்குள் கை வைக்காதீர்கள்.

நுவரெலியா அக்கா, திரும்பவும்: மூடி போட்டுவிட்டேன். ஈரம் 93இலிருந்து 81க்கு வந்திருக்கிறது. பின் பலகையை இப்போதே மாற்றட்டுமா?

நல்ல இறக்கம் அக்கா. பலகையை இன்னும் வாங்காதீர்கள். ரிஜிஃபோம் ஒட்டி, ஃபேன் போட்டு, சுவர் இரண்டு வாரம் காயட்டும். விடிகாலையில் கதவைத் திறந்து சுவரைத் தடவிப் பாருங்கள். கை நனையாத நாளிலிருந்து ஒரு வாரம் கழித்துப் பலகை போடலாம். வெட்டிய விளிம்பு நாலு பக்கமும் பெயின்ட் அடித்த பிறகு பொருத்தச் சொல்லுங்கள். தண்ணீர் பலகைக்குள் ஏறுவது அந்த விளிம்பு வழியாகத்தான்.