பாட்டியின் பேட்டியில் ஊரும் கருங்கோடுகள்: சுங்கை சிப்புட் தம்பிக்கு

பாட்டியைப் போனில் பேட்டி எடுத்த வீடியோவில் கருங்கோடுகள் ஊர்கின்றன, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். போன் கேமராவின் ப்ரோ மோடில் (அளவுகளை நாமே மாற்றும் முறை) ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் ஒளி வாங்கும் நேரத்தை, 1/50 நொடிக்கு மாற்றி, நொடிக்கு 25 ஃபிரேம் (படம்) வையுங்கள். கோடு மறைந்துவிடும்.

லயத்து வீட்டு அடுப்படியில், குழல்விளக்கு வெளிச்சத்தில் எடுத்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். அங்கேதான் சிக்கல். மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய குழல்விளக்கு நொடிக்கு 100 முறை மங்கித் தெளியும். போன் 30 ஃபிரேமில், 1/60 ஷட்டரில் ஓடினால் இரண்டும் ஒத்துப்போகாமல், அதுவே கருங்கோடாகத் தெரியும்.

மறுபடி பாட்டியை உட்காரவைக்கும் முன், அதே இடத்தில் பழைய அளவிலும் புதிய அளவிலும் பத்துப் பத்து நொடி எடுத்து, பெரிய திரையில் பாருங்கள்.

மலிவான எல்.இ.டி. பல்பு என்றால் இதற்கும் அடங்காமல் போகலாம். அப்போது விளக்கை அணைத்துவிட்டு, காலை வெளிச்சத்தில் வாசல் பக்கம் எடுங்கள்.

"இரண்டாவது தடவையும் கெட்டுப்போச்சு, எனக்கு இந்தப் படிப்பே வராதோ" என்று எழுதியது மனசைப் பிசைந்தது. தம்பி, நீங்கள் போட்ட துண்டுப்படத்தில் பாட்டி ரப்பர் பால்வெட்டுக் கத்தியை முந்தானையில் துடைத்து, மரமே எதிரில் நிற்பதுபோல் சாய்த்துக் காட்டுகிறாரே, அந்த இடத்தில் கேமராவை ஆட்டாமல் காத்திருந்தது நீங்கள்தான். அதை அழித்துவிடாதீர்கள். கோடு இருந்தாலும் அப்படியே வையுங்கள். பேட்டியை மட்டும் திரும்ப எடுத்தால் போதும்.