வாளையாரைத் தாண்டும் முன்: சைக்கிள் பயணக் கேள்வி-பதில்

சாமானையும் களைத்த ஆளையும் ஏற்றிக்கொள்ளக் கூடவே ஒரு சப்போர்ட் வண்டி வைத்துக்கொண்டு மூன்று நாள், நான்கு நாள் சைக்கிளில் போவது நம் கொங்குப் பக்கத்தில் இப்போது பழகிப்போன விஷயம். நான் சைக்கிள் மிதித்ததைவிட அந்த வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து வந்த நாட்கள்தான் அதிகம். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை எல்லை தாண்டுவதைப் பற்றி.

*ஐந்து பேர், ஜூலையில் கோவையிலிருந்து கொச்சிக்கு மூன்று நாளில் போகலாம் என்றிருக்கிறோம். கோவை மேடு, பாலக்காடு பள்ளம். முதல் நாள் சும்மா இறங்கிப் போய்விடலாம்தானே?* (சரவணம்பட்டி)

கணக்கு சரிதான். கோவை 400 மீட்டருக்குச் சற்று மேலே, பாலக்காடு 100 மீட்டருக்கும் கீழே. ஐம்பத்துச் சொச்சம் கிலோமீட்டரில் 300 மீட்டருக்கு மேல் இறக்கம். ஆனால் ஜூலையில் அந்த இறக்கத்திலும் மிதித்தால்தான் சைக்கிள் நகரும்.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விட்டுக்கொடுத்த இடம் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று நம் ஊருக்குள் நுழைகிற வாசல் அதுதான். உடுமலை, பல்லடம், கேத்தனூர் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பதும் அதனால்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். சைக்கிள்காரனுக்கு அது பழமொழி இல்லை. நான் முதன்முதலில் கூட்டிப்போன குழு ஒரு ஆடி மாதத்தில் இதே ரோட்டில் புறப்பட்டது. கேரள எல்லையான வாளையார் வருவதற்குள் இரண்டு பேர் வண்டிக்குள் இருந்தார்கள், மூன்றாவது ஆள் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்.

ஜூலையில்தான் லீவு கிடைக்கும் என்றால் பயணத்தைத் திருப்பிப் போடுங்கள். சைக்கிள்களை வண்டியில் ஏற்றிக் கொச்சியில் இறக்கி, அங்கிருந்து கோவைக்கு வாருங்கள். மழையில் நனைவீர்கள், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் பாலக்காட்டுக்கு இந்தப் பக்கம் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும், ஏற்றமே தெரியாது. கோவையிலிருந்துதான் கிளம்புவோம் என்றால் மார்கழி, தை. அப்போது காற்று கிழக்கிலிருந்து அடிக்கும், அந்தப் பக்கம் மழையும் இருக்காது.

அப்புறம் வழி. பாலக்காட்டிலிருந்து திருச்சூருக்கு நான்குவழிச் சாலையில் போனால் குதிரான் சுரங்கப்பாதை, லாரிச் சத்தம், வேறொன்றும் இல்லை. ஒற்றப்பாலம், ஷொர்ணூர் வழியாகச் சுற்றிப் போங்கள். கொஞ்சம் தூரம் கூடும், ஆனால் பாரதப்புழையை ஒட்டியே போகலாம். நம் ஆழியாற்றுத் தண்ணீர் கடைசியில் போய்ச் சேருகிற ஆறுதான் அது. பொள்ளாச்சியிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு வாளையாரே தேவையில்லை. கோவிந்தாபுரத்தில் எல்லையைத் தாண்டி கொல்லங்கோடு, நெம்மாரா. ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் நெல்லியாம்பதி மலை. எனக்கு ஒரே ஒரு ரோடுதான் கொடுப்பேன் என்று யாராவது சொன்னால் இதைத்தான் எடுத்துக்கொள்வேன்.

*மாமாவின் எஸ்யூவியை டீசல் போட்டு, நாள் வாடகை கொடுத்து எடுத்துக்கொள்ளலாமா? ஒயிட் போர்டுதான்.* (பெருந்துறை)

மாமா கூட வந்தால் அது குடும்ப வண்டி. வாடகை கொடுத்த நொடியில் அது சட்டத்துக்கு வாடகை வண்டி. எல்லையில் மாட்டினால் அபராதத்தோடு போகும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கிற முதல் கேள்வியே இதுதான். அகில இந்திய டூரிஸ்ட் பர்மிட் உள்ள மஞ்சள் போர்டு வண்டி எடுங்கள். பர்மிட்டின் தேதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், டிரைவர் சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

*திம்பம் ஏறி மைசூர் போக ஆசை. சப்போர்ட் வண்டி பின்னாலேயே வந்தால் காட்டுக்குள் பயமில்லைதானுங்களே?* (கோபி)

பயப்பட வேண்டியதற்குப் பயப்படத்தான் வேண்டுமுங்க. பண்ணாரி செக்போஸ்ட் தாண்டினால் 27 கொண்டை ஊசி வளைவுகள். மேலே திம்பம், ஆசனூர், காரப்பள்ளம், அப்புறம் கர்நாடகத்தின் புளிஞ்சூர். இது முழுக்கப் புலிகள் காப்பகம். கரும்பு லாரிக்காகக் காரப்பள்ளத்தில் யானைகள் காத்து நிற்பதைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். காரில் இருப்பவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ரிவர்ஸ் எடுப்பான். சைக்கிளில் இருப்பவன் என்ன செய்வான்? பின்னால் வருகிற சப்போர்ட் வண்டி, யானை முன்னால் வந்தால் உதவாது. போதாக்குறைக்கு அந்த ஏற்றத்தில் நடந்துபோகிற வேகத்தில் ஊர்கிற வண்டி, பின்னால் வரும் லாரிகளை வளைவிலேயே நிறுத்திவிடும்.

அதனால் என் பதில் குழுவில் பாதிப் பேருக்குப் பிடிக்காது: பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு சைக்கிள்களை வண்டியில் ஏற்றுங்கள். புளிஞ்சூர் தாண்டிக் காடு முடிந்ததும் இறக்குங்கள். அங்கிருந்து சாம்ராஜ்நகர், மறுநாள் மைசூர். திம்பத்தை மிதித்தே தீருவோம் என்றால் வனத்துறையிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், கொடுத்தால் ஏறுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவால் 2022 முதல் இந்த ரோட்டில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. காலை ஆறு மணிக்குக் கேட் திறந்ததும் முதல் ஆளாக நுழைய வேண்டும் என்ற ஆர்வம் மட்டும் வேண்டாம். யானை ரோட்டை விட்டுப் போயிருக்காத நேரம் அது. ஒன்பது மணிக்கு மேல் நுழைந்து, மதியம் மூன்றுக்குள் வெளியே வந்துவிடுவது என் வழக்கம்.

*மைசூருக்கு ஊட்டி வழியாகப் போனால்?* (மேட்டுப்பாளையம்)

சப்போர்ட் வண்டிக்கு இ-பாஸ் எடுங்கள், 2024 மே மாதத்திலிருந்து கட்டாயம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் கட்டுகளை வாங்கி அடுக்காதீர்கள், செக்போஸ்ட்டிலேயே இறக்கிவிடுவார்கள். இருபது லிட்டர் கேன் போதும். வெளியூர் வண்டியை ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போகிற கல்லட்டி மலை ரோட்டில் இறங்க விடமாட்டார்கள், அதனால் கூடலூர் சுற்றித்தான். பந்திப்பூரில் இரவு 9 முதல் காலை 6 வரை ரோடு மூடியிருக்கும். காட்டுக்குள் சைக்கிளுக்குத் திம்பத்துக்குச் சொன்னதேதான்.

*எனக்கு 54 வயது. மேடு வந்தால் எல்லோரும் முன்னால் போய்விடுகிறார்கள், வண்டி மட்டும் என் முதுகுக்குப் பின்னாலேயே உறுமிக்கொண்டு வருகிறது. அவமானமாக இருக்கிறது. ஏறிவிட்டால் கேலி வேறு.* (பொள்ளாச்சி)

இதில் தப்பு உங்கள் மேல் இல்லைங்க அம்மா, வண்டி ஓட்டுகிறவர் மேல். அதைவிட, அவருக்குச் சொல்லிக்கொடுக்காத குழுத்தலைவர் மேல். சப்போர்ட் வண்டி யார் பின்னாலும் ஊரக் கூடாது. பத்து கிலோமீட்டர் முன்னால் போய், ரோட்டை விட்டு இறங்கி, நிழலில் நிற்க வேண்டும். தண்ணீர், வாழைப்பழம், கடலை மிட்டாய் வெளியே எடுத்து வைத்திருக்க வேண்டும். கடைசி ஆள் கடந்து ஐந்து நிமிஷம் கழித்துக் கிளம்பி, எல்லோரையும் தாண்டி அடுத்த பத்து கிலோமீட்டர். இப்படி ஓடினால் டிரைவருக்குத் தூக்கம் வராது, உங்களுக்கும் முதுகில் ஹாரன் கேட்காது. கடைசி ஆளோடு தெம்பான ஒருவர் கூடவே வர வேண்டும். அந்த வேலை தினம் ஒருவருக்கு என்று முறை வைத்துவிட்டால் கேலி தானாக அடங்கும், ஏனென்றால் கேலி செய்தவருக்கும் ஒரு நாள் உங்கள் வேகத்தில் மிதிக்கிற முறை வரும்.

இன்னொன்று, நீங்கள் காலையில் முக்கால் மணி நேரம் முன்பே கிளம்பிவிடுங்கள். அவர்கள் வந்து உங்களைப் பிடிக்கட்டும். வண்டியில் ஏறுவதா வேண்டாமா என்பது உங்கள் முட்டி சொல்ல வேண்டியது.

*காங்கேயம், தாராபுரம் பக்கம் ஓட்டினாலே பங்ச்சர். கேரளாவுக்குப் போனவர்கள் ஒரு பங்ச்சர் கூட இல்லை என்கிறார்கள். எப்படி?* (வெள்ளகோவில்)

நம் கொறங்காடுகளுக்கு, அதாவது மேய்ச்சல் நிலங்களுக்கு, முள்கிளுவை வேலி, ஓரமெல்லாம் வேலாமரம், கீழே நெருஞ்சி. அங்கே அது இல்லை. நம் பக்கம் ஓட்டும்போது தார் விட்டு ஓர மண்ணில் இறங்காதீர்கள். ஆளுக்கு இரண்டு ட்யூப். பழைய ட்யூபை மாற்றும் முன் டயருக்குள் விரலால் தடவி முள்ளை எடுத்தீர்களா என்று பாருங்கள், இரண்டாவது முறை ஆகிற பங்ச்சரில் பாதி அந்த முள்ளால்தான்.

*வியட்நாமிலிருந்து கம்போடியாவுக்கு எட்டு நாள் சைக்கிள் டூர் பார்த்தேன், சைக்கிளும் அவர்களே தருகிறார்களாம். நான் சுத்த சைவம். அப்பாவின் எலக்ட்ரிக் சைக்கிளை மட்டும் கூடக் கொண்டுபோக முடியுமா?* (திருப்பூர்)

கடைசிக் கேள்விக்கு முதலில்: முடியாது. 160 வாட்-ஹவருக்கு மேல் உள்ள லித்தியம் பேட்டரியைப் பயணி விமானத்தில் ஏற்றமாட்டார்கள், எலக்ட்ரிக் சைக்கிளின் பேட்டரி பொதுவாக அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. அப்பாவுக்கு அங்கேயே எலக்ட்ரிக் சைக்கிள் கிடைக்குமா என்று டூர்காரரிடம் கேளுங்கள். நீங்கள் உங்கள் சீட்டையும் பெடலையும் மட்டும் கழற்றி எடுத்துப் போங்கள். எட்டு நாள் தாங்க வேண்டியது உங்கள் உட்காருமிடம், அதற்குப் பழகிய சீட் வேண்டும்.

மேக்கோங் ஆற்றுப் படுகை முழுக்கச் சமதளம், மிதிக்கிற கஷ்டம் கிடையாது. கஷ்டம் காகிதத்தில் இருக்கிறது. வியட்நாம் இ-விசா ஒருமுறை நுழைய, பலமுறை நுழைய என்று இரண்டு வகை. கம்போடியா போய்விட்டுத் திரும்ப சைகோனுக்கு வந்துதான் விமானம் என்றால் பலமுறை விசா வேண்டும். இதைக் கவனிக்காமல் எல்லையில் நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். இரண்டு நாட்டு இ-விசாவும் குறிப்பிட்ட எல்லைச் சாவடிகளில் மட்டும்தான் செல்லும். உங்கள் டூர் தாண்டுகிற சாவடியின் பெயரைக் கேட்டு வாங்கி, பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். வியட்நாமின் எல்லையோர ஊரான சாவ் தோக்கிலிருந்து ஆற்றில் படகிலேயே கம்போடியாவுக்குள் போகிற வழியும் உண்டு. எல்லையில் வண்டியும் வழிகாட்டியும் மாறுவார்கள். சைக்கிளும் மாறுமா என்று கேளுங்கள், மாறினால் சீட்டின் உயரத்தை ஒரு டேப் ஒட்டிக் குறித்து வையுங்கள். இரண்டு நாட்டிலும் ரோட்டின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். முதல் நாள் காலையில் டீ குடித்துவிட்டுத் திரும்ப ரோட்டில் ஏறும்போதுதான் நம் ஆட்கள் மறந்துபோய் இடப்பக்கம் ஏறுவார்கள்.

வியட்நாமில் சாப்பாட்டுக்கு ஒரே ஒரு சொல், 'சாய்'. சைவம் என்று அர்த்தம். அதைச் சொன்ன பிறகும் மீன் சாறு ஊற்றவில்லையே என்று கேட்டுக்கொள்ளுங்கள், அது இல்லாமல் அங்கே சமையல் குறைவு. அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமிக்கும் அங்கேயும் நிறையப் பேர் கவிச்சி தொடமாட்டார்கள், அந்த நாட்களில் சைவக் கடைகளில் கூட்டம் நிற்கும். டூர் தேதியைக் காலண்டரோடு ஒருமுறை ஒத்துப்பாருங்கள்.