அத்தையின் மாதா சுரூபம்

அன்புள்ள ஐயா,

பினாங்கு பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். நான் மெத்தடிஸ்ட் குடும்பத்துப் பெண், கணவர் வீட்டார் கத்தோலிக்கர்கள். மாமா தவறிய பின் அத்தை எங்களோடு வந்துவிட்டார். கூடவே ஒரு மாதா சுரூபத்தையும் கொண்டுவந்து ஹாலில் வைத்து, தினமும் மெழுகுவர்த்தி ஏற்றிப் பூச்சரம் சாத்துகிறார். அதை வீட்டைவிட்டு எடுத்தால்தான் ஆசீர்வாதம் என்கிறார்கள் என் ஜெபக்குழுவில். விக்கிரகம் கூடாது என்பது கட்டளைதானே? நான் என்ன செய்யட்டும்?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டளைதான். யாத்திராகமம் 20ஆம் அதிகாரம். சுரூபமில்லாத சபையில் வளர்ந்த நானும் அதை மனப்பாடமாகச் சொன்னவன்தான். ஆனால் ஐந்து அதிகாரம் தள்ளி, அதே கர்த்தர் உடன்படிக்கைப் பெட்டியின்மேல் இரண்டு பொற்கேருபீன்களை, அதாவது சிறகுள்ள வானதூதர் உருவங்களை, செய்து வைக்கச் சொல்கிறார். வனாந்தரத்தில் பாம்பு கடித்துச் செத்துக்கொண்டிருந்த ஜனங்களுக்காக வெண்கலச் சர்ப்பத்தைக் கம்பத்தில் தூக்கச் சொன்னதும் அவர்தான். பல தலைமுறைக்குப் பிறகு இஸ்ரவேலர் அந்தச் சர்ப்பத்துக்கே தூபம் காட்டியபோது, எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டார் (2 இராஜாக்கள் 18:4). கடவுள் சொல்லிச் செய்த பொருள்தான் அது. கடவுளின் இடத்தில் அதை உட்காரவைத்ததும் உடைபட்டது.

கத்தோலிக்கத் திருச்சபைக்கு இது தெரியாததல்ல. ஆராதனை கடவுள் ஒருவருக்கே, படத்துக்குக் காட்டும் மரியாதை அதில் காணப்படுபவரைச் சேரும் என்று 787இல் ஆயர்கள் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் பிரித்துச் சொல்லிவிட்டது. நடப்பில் எல்லாரும் அந்தக் கோட்டுக்குள் நிற்பதில்லை, அதுவும் உண்மை.

ஒரு ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற ஒருவர், "போன தடவை வேண்டிக்கிட்டேன், நாலு நம்பர் லாட்டரி அடிச்சிச்சு. இந்தத் தடவையும் கேக்கணும்" என்றார் கூட வந்தவரிடம். இரண்டடி தள்ளி ஓர் அம்மா. விரல்களில் மெழுகு வழிந்து காய்ந்திருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. "என் பையனுக்காக உங்க பேரப்பிள்ளைகிட்ட சொல்லுங்கம்மா" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அன்னாள் இயேசுவின் பாட்டியல்லவா! இருவர் கண்ணும் ஒரே சுரூபத்தின் மேல்தான் இருந்தது.

பொருளாசையையே விக்கிரகாராதனை என்கிறார் பவுல் (கொலோசெயர் 3:5). சுவரில் ஒரு படம்கூட இல்லாத நம் சபைகளில், காணிக்கை போட்டால் தொழில் பெருகும் என்ற பிரசங்கத்துக்கு ஆமென் சொல்கிறோமே, அந்த நம்பர்க்காரர் கேட்டதைத்தானே நாமும் கேட்கிறோம்? எனக்கு அதிகப் பயம் இதில்தான். மன்னியுங்கள், "எடுத்தால்தான் ஆசீர்வாதம்" என்பதிலும் அந்த வாடை அடிக்கிறது.

எந்த மலையில் தொழுவது என்று கேட்ட சமாரியப் பெண்ணுக்கு இயேசு மலையைக் காட்டவில்லை. ஆவியோடும் உண்மையோடும் தொழுவதைப் பற்றிச் சொன்னார். அத்தை மெழுகுவர்த்தி ஏற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து, என்ன சொல்லி ஜெபிக்கிறார் என்று கேளுங்கள். நீங்கள் கும்பிட வேண்டியதில்லை, அவர் வற்புறுத்தினால் பணிவாக மறுத்துவிடலாம். ஆனால் புருஷனைப் பறிகொடுத்து உங்கள் வீட்டுக்கு வந்திருப்பவரின் கையிலிருந்து அதைப் பிடுங்காதீர்கள். ஹால்தான் உங்களுக்குச் சங்கடம் என்றால், கணவரையும் வைத்துப் பேசி, அத்தையின் அறையிலேயே நல்ல மேசையாகப் போட்டுக்கொடுங்கள். காணிக்கையைப் பலிபீடத்தருகே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிறது மத்தேயு 5. அடுத்த ஜெபக்கூட்டத்துக்குப் போகுமுன் அத்தையோடு பேசிவிடுங்கள்.