அயர்லாந்து எழுத்தாளர் சாலி ரூனியின் ‘நார்மல் பீப்பிள்’ நாவல் சிலருக்கு உயிர், சிலருக்கு எரிச்சல். ஏன் இப்படி?

“ரெண்டு பேரும் ஒருநாள் உட்கார்ந்து பேசியிருந்தால் முடிந்துபோகிற கதை” என்று இந்தக் கேள்வியைக் கேட்ட ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இந்த நாவலைப் பாதியில் மூடிவைத்த பலரும் சொல்லும் குறை இதுதான். எனக்குப் பிடித்த நாவல், அதனால் கொஞ்சம் கட்சி கட்டித்தான் பேசுவேன்.

படிக்காதவர்களுக்காக: 2018-இல் வந்தது. அயர்லாந்தின் மேற்கே ஸ்லைகோ பக்கம் ஒரு கற்பனைச் சிற்றூர். மரியான் வசதியான வீட்டுப் பெண், பள்ளியில் அவளை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. கானெல் எல்லோருக்கும் வேண்டியவன். அவன் அம்மா லொரெய்ன் மரியான் வீட்டில் சுத்தம் செய்யும் வேலை பார்க்கிறார். இருவரும் பள்ளியில் யாருக்கும் தெரியாமல் பழகுகிறார்கள். பிறகு டப்ளினில் டிரினிட்டி கல்லூரி. அங்கே அவளைச் சுற்றிக் கூட்டம், அவன் ஒதுங்கி நிற்கிறான். 2011 முதல் 2015 வரை சேர்வதும் பிரிவதுமாகவே போகிறது.

வாசகர்கள் புத்தகத்தைத் தூக்கி எறிய நினைப்பது கல்லூரிக் காலத்தின் ஒரு கோடை விடுமுறையில். கானெலுக்கு வாடகைக்கு வழியில்லை. ஏற்கெனவே பெரும்பாலான இரவுகள் மரியானின் டப்ளின் வீட்டில்தான் இருக்கிறான். ‘இந்த லீவுக்கு இங்கேயே தங்கிக்கட்டுமா’ என்று கேட்டால் அவள் உடனே சரி என்றிருப்பாள். கேட்க மாட்டான். ஊருக்குப் போகிறேன், நீ வேறு யாருடனாவது பழக நினைப்பாய் என்கிறான். அவன் பிரிய விரும்புகிறான் என்று அவள் எடுத்துக்கொள்கிறாள். அவளுக்குத்தான் தன்மேல் ஆர்வமில்லை என்று அவன் நினைத்துக்கொள்கிறான்.

எனக்கும் அந்த இடத்தில் அவனைப் பிடித்து உலுக்கத் தோன்றியது. ஆனால் அவன் அம்மாவுக்குச் சம்பளம் கொடுப்பது இவள் அம்மா. இந்த ஒரு விஷயத்தை அதுவரை இவர்கள் இருவரும் பேசியதே இல்லை. தங்க இடம் கேட்பது அவனுக்குக் காசு கேட்பது போல. மரியானுக்கோ, அவன் வாடகைக்கு என்ன செய்வான் என்ற யோசனையே வருவதில்லை. பணம் இல்லாமல் அவள் ஒருநாளும் இருந்ததில்லையே. பின்னால் இருவருக்கும் கல்லூரி உதவித்தொகை கிடைக்கிறது. அவளுக்கு அது ஒரு கௌரவம். அவனுக்கு அதனால் இலவச அறை கிடைக்கிறது, சாப்பாடு கிடைக்கிறது, வாழ்க்கையில் முதல்முறையாக ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க முடிகிறது. இதைக் காதல் கதையாக மட்டும் படித்தால் அந்த மௌனம் நாவலை இழுப்பதற்கான தந்திரமாகத்தான் தெரியும். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிந்தைய அயர்லாந்தையும் சேர்த்துப் படித்தால் அவன் வாய் ஏன் திறக்கவில்லை என்பது புரியும்.

மேற்கோள் குறியே இல்லாமல் உரையாடல் எழுதுவது பற்றியும் புலம்புகிறார்கள். இருபது பக்கத்தில் பழகிவிடும், விடுங்கள்.

நான் எதிர்க்கட்சியோடு சேரும் இடம் ஒன்று உண்டு. மரியானின் அண்ணன் அவளை அடிக்கிறான், அம்மா கண்டுகொள்வதில்லை. வளர்ந்தபின் படுக்கையில் தன்னை நோகடிக்கும் ஆண்களோடு இருக்கிறாள். சின்ன வயதுக் காயம்தான் இதற்குக் காரணம் என்பது போல நாவல் ஒரு நேர்கோடு போட்டுவிடுகிறது. கானெலின் மனச்சோர்வுக்கு அவ்வளவு பொறுமையாக இடம் கொடுத்த ரூனி, இவள் வீட்டு வன்முறையை அவசரமாகக் கடந்துபோகிறார். அந்த அண்ணனும் அம்மாவும் ஆட்களாகவே உருப்பெறவில்லை. இந்தக் குறையைச் சொல்பவர்களிடம் எனக்குப் பதில் இல்லை.

2020-இல் வந்த பன்னிரண்டு பகுதித் தொடரைப் பார்த்துவிட்டு ஒருமுறை முயன்று பாருங்கள். சொல்லாமல் விட்டதெல்லாம் நடிகர்களின் முகத்திலேயே தெரிகிறது. அப்பவும் ஒட்டவில்லை என்றால், ரூனியின் முதல் நாவல் ‘கான்வர்சேஷன்ஸ் வித் ஃப்ரெண்ட்ஸ்’ இருக்கிறது. அதில் வாய் ஓயாமல் பேசுவார்கள். பேசியும் ஒன்றும் தீராது என்பது வேறு விஷயம்.